ஆன்லைனுக்கு வரும் குடும்பக் கைவினைக் கடை: 500 ரூபாய் பொம்மையில் செய்தவருக்கு மிஞ்சுவது எவ்வளவு?

ஊரில் அப்பா, அம்மா நடத்தும் சின்னக் கைவினைக் கடை. சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவுக்கு வீட்டுக்குப் போனதும் சொல்வது: “இதையெல்லாம் ஆன்லைன்ல போட்டா பிச்சுக்கிட்டுப் போகும்பா!” அப்பாவின் பதில்: “அதெல்லாம் நமக்கு ஒத்துவராதுடா.”

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆன்லைனில் கடை திறப்பது இன்றைக்கு அரை நாள் வேலை. கடைத் தெருவில் போடும் அதே விலையை அங்கேயும் போட்டால்தான் சிக்கல். பொருள் விற்கும், செய்தவரின் கூலி காணாமல் போகும்.

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை எடுத்துக்கொண்டு, விலை, பேக்கிங், வரி, ஆவணங்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். உங்கள் வீட்டில் பத்தமடைப் பாயோ நாச்சியார்கோவில் குத்துவிளக்கோ இருந்தாலும் கணக்குப் போடும் முறை இதேதான்.

முதலில் விலை: ஒரு பேப்பர், ஒரு பேனா போதும்

கீழே உள்ள எண்கள் கணக்குப் புரிவதற்காக நாம் வைத்துக்கொள்பவை. உங்கள் கடை எண்களைப் போட்டுப் பாருங்கள்.

கடையில் 500 ரூபாய்க்கு விற்கும் ஒரு பொம்மை. களிமண், காகிதக்கூழ், பெயின்ட் என்று பொருள் செலவு 110 ரூபாய். செய்து, காயவைத்து, வண்ணம் தீட்டும் உழைப்பு 220 ரூபாய். கடை வாடகை, கரன்ட் பங்கு 50 ரூபாய். மொத்தம் 380. மீதி 120 ரூபாய் லாபம்.

இதே பொம்மையை, இதே 500 ரூபாய்க்கு, டெலிவரி இலவசம் என்று ஒரு பெரிய விற்பனைத் தளத்தில் போடுகிறோம். கமிஷன் 12 சதவீதம் என்றால் 60 ரூபாய். ஒவ்வொரு ஆர்டருக்கும் நிலையான கட்டணம் 20 ரூபாய். டெலிவரிக்கு 90 ரூபாய். ஆக மொத்தம் 170. இந்தக் கட்டணங்களின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 30 ரூபாய் 60 காசு. அட்டைப்பெட்டி, பபிள் ரேப், டேப் என்று பேக்கிங் 45 ரூபாய்.

எல்லாம் போக கைக்கு வருவது 254 ரூபாய் 40 காசு. இதில் பொருள் செலவையும் கடைச் செலவையும் கழித்தால் 94 ரூபாய் 40 காசு. அதாவது 220 ரூபாய் உழைப்புக்குக் கிடைத்த கூலி 94 ரூபாய்! ஜிஎஸ்டி பதிவு இருந்தால் கட்டணத்தின் மீதான வரியைக் கழித்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தாலும் 125 ரூபாய்தான். பொம்மைக்கான வரி, உடைசல், திரும்பி வரும் பார்சல் இவை எதையும் இன்னும் சேர்க்கவே இல்லை.

இந்த நஷ்டம் வெளியே தெரியாது என்பதுதான் பெரிய ஆபத்து. வீட்டு ஆட்களே வேலை செய்வதால் கூலியை யாரும் எழுதி வைப்பதில்லை. அக்கவுன்ட்டில் பணம் வந்துகொண்டே இருக்கும், “நல்லாத்தானே போகுது” என்று தோன்றும். ஆறு மாதம் கழித்து, அம்மா ராத்திரி பதினோரு மணி வரை வண்ணம் தீட்டியும் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்பது புரியும்.

எனவே முதல் விதி: வீட்டு ஆட்களின் உழைப்புக்கும் ஒரு கூலி எழுதுங்கள். அதைத் தொடாமல் வரும் விலைதான் ஆன்லைன் விலை.

விலையைக் கூட்டினால் யார் வாங்குவார்கள்?

நியாயமான கேள்வி. அதே தேடலில் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் தலையாட்டி பொம்மையும் பக்கத்திலேயே வந்து நிற்கும். அதோடு விலையில் போட்டி போட முடியாது. இதற்கு மூன்று வழிகள் உண்டு.

செட்டாக விற்பது: டெலிவரியும் பேக்கிங்கும் பார்சலுக்குத்தான், பொம்மைக்கு அல்ல. தனி ராஜா பொம்மைக்கு ஆகும் கூரியர் செலவுக்கும், ராஜா - ராணி ஜோடிக்கு ஆகும் செலவுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கொலு செட், கல்யாண ரிட்டர்ன் கிஃப்ட், அலுவலகப் பரிசு என்று 1,500 ரூபாய்க்கு மேல் போகும் ஆர்டர்களில்தான் கணக்கு நேராகும்.

வீடியோ: இந்தப் பொம்மையின் விசேஷமே அசைவு. கனமான, உருண்டையான அடிப்பாகம் இருப்பதால் எந்தப் பக்கம் சாய்த்தாலும் நிமிர்ந்துகொள்ளும். போட்டோவில் இது தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த பத்து விநாடி வீடியோ போதும். கண் வரையும் கையையும் அதில் காட்டுங்கள். பிளாஸ்டிக் பொம்மை விற்பவரால் அதைக் காட்ட முடியாது.

புவிசார் குறியீடு: தஞ்சாவூர் பொம்மைக்கு 2008-09லேயே இந்த அங்கீகாரம் கிடைத்துவிட்டது. ஆனால் தஞ்சாவூரில் செய்கிறோம் என்பதாலேயே அந்த முத்திரையைப் போட்டுக்கொள்ள முடியாது. கிண்டியில் உள்ள புவிசார் குறியீடு பதிவகத்தில் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்’ என்று தனியாகப் பதிய வேண்டும். இதற்கான கட்டணம் 2020ல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. ஒரு டீ விலை. இந்தப் பதிவு வேறொரு இடத்திலும் கைகொடுக்கும். அது கீழே.

எங்கே தொடங்குவது?

பெரிய தளத்தில் குதிப்பதற்கு முன் வாட்ஸ்அப் பிசினஸில் தொடங்குங்கள். ஆப் இலவசம். கேட்டலாக்கில் 10 பொருட்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் உயரம் சென்டிமீட்டரில், எடை கிராமில், விலை, அனுப்ப எத்தனை நாள் ஆகும் என்பதை எழுதிவிடுங்கள். “ரேட் என்ன?” என்று நூறு பேர் கேட்பதில் பாதி குறைந்துவிடும். பணத்தை யுபிஐயில் வாங்கினால் பெரும்பாலும் கட்டணம் எதுவும் பிடிக்க மாட்டார்கள். தபால் செலவைத் தனியாகச் சொல்லி வாங்கலாம். மேலே போட்ட கணக்கில் இருந்த கமிஷன் இங்கே கிடையாது.

கடைக்கு வந்து வாங்கிப் போனவர்கள்தான் உங்கள் முதல் ஆன்லைன் வாடிக்கையாளர்கள். பில்லுடன் ஒரு க்யூஆர் அட்டை கொடுங்கள். பெரிய கோவில் பார்க்க வந்து ஒரு பொம்மை வாங்கிய கோவைக்காரர், அடுத்த நவராத்திரிக்கு ஐந்து கேட்கலாம்.

நடுவில் இன்னொரு படி இருக்கிறது. தமிழ்நாடு அரசின் பூம்புகார் நிறுவனம் 1973லிருந்து கைவினைப் பொருட்களை விற்கிறது. அதற்கு ஆன்லைன் கடையும் உண்டு. கைவினைஞர்கள் நேரடியாக விற்க மத்திய ஜவுளித் துறை அமைச்சகம் ‘இந்தியாஹேண்ட்மேட்’ தளத்தை நடத்துகிறது. ஃப்ளிப்கார்ட்டின் சமர்த், அமேசானின் காரிகர் போன்ற கைவினைஞர்களுக்கான திட்டங்களும் உள்ளன. எதில் சேர்ந்தாலும் கட்டண அட்டையை முதலில் வாங்கி, மேலே பார்த்த கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஜிஎஸ்டி: எல்லோருக்கும் கட்டாயமா?

“ஆன்லைன்னா ஜிஎஸ்டி கட்டாயம்” என்று எல்லோரும் சொல்வார்கள். முழு உண்மை இல்லை. மூன்று நிலைகள் உள்ளன.

வாட்ஸ்அப், சொந்த இணையதளம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கிறீர்கள்: பொருட்களை மட்டுமே விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் தாண்டும் வரை பொதுவாகப் பதிவு தேவையில்லை.

நீங்களே நேரடியாக வெளிமாநிலத்துக்கு அனுப்புகிறீர்கள்: வேறு பொருட்கள் என்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். அறிவிக்கப்பட்ட பட்டியலில் உள்ள கைவினைப் பொருட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், பான் எண் வேண்டும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: இந்த விலக்கில் அனுப்பும் பார்சலுக்கு, மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும், இ-வே பில் எடுக்க வேண்டும்.

பெரிய தளங்கள் வழியாக விற்கிறீர்கள்: 2023 அக்டோபர் 1 முதல் சிறு வியாபாரிகளுக்கு ஒரு சலுகை இருக்கிறது. விற்றுமுதல் வரம்புக்குள் இருந்து, ஒரே மாநிலத்துக்குள் மட்டும் விற்றால், ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். தளம் வழியாக டெல்லிக்கும் மும்பைக்கும் விற்க வேண்டும் என்றால் முழுப் பதிவு வேண்டும்.

பதிவு செய்தவர்களிடம் தளங்கள் 0.5 சதவீதம் வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டும். அது உங்கள் கணக்கில் வரவாகும். ரிட்டர்ன் தாக்கல் செய்யாவிட்டால் அங்கேயே கிடக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் பல கைவினைப் பொருட்களின் ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. உங்கள் பொருளின் ஹெச்எஸ்என் எண் எது, அது கைவினைப் பட்டியலில் வருகிறதா என்பதை ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

பொம்மை என்றால் இன்னொரு கதவு

2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்கு பிஐஎஸ் தர முத்திரை கட்டாயம். ‘பொம்மைகள்’ பிரிவில் பொருளை ஏற்றப் போனால் தளம் அந்தச் சான்றிதழைக் கேட்கும். வீட்டில் செய்பவர் அதற்கு எங்கே போவார்?

விதியிலேயே விலக்கு இருக்கிறது. மத்திய அரசின் கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர் தானே செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயனர்கள் செய்யும் பொம்மைகளுக்கும் இந்த முத்திரை தேவையில்லை. முதலாவதற்கு ‘பெஹ்சான்’ எனும் கைவினைஞர் அடையாள அட்டை, இரண்டாவதற்கு அந்த 10 ரூபாய் பதிவு. கூடவே, இலவசமாகக் கிடைக்கும் உத்யம் பதிவையும் முடித்துவிட்டால் வங்கிக் கடனுக்கும் உதவும்.

இவை எல்லாம் யார் பெயரில்? கடை யாருடையதோ, பொம்மை செய்வது யாரோ அவர் பெயரில். பிள்ளையின் ஜிமெயிலிலும் போன் நம்பரிலும் தொடங்கிவிட்டு, பிள்ளை வெளிநாடு போனதும் ஓடிபி வராமல் திண்டாடும் நிலை வரக்கூடாது. கடைக்கென்று தனி சிம், தனி மெயில் வைத்துவிடுங்கள்.

உடையாமல் போய்ச் சேர வேண்டுமே

பாகங்களாகக் கழற்றக்கூடிய ஆடும் பொம்மை என்றால் தலை, உடல், பாவாடை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றுங்கள். பொருத்துவது எப்படி என்ற வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பெட்டிக்குள் எதுவும் ஆடக் கூடாது. பேக் செய்த பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து நாலு முறை கீழே போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டிலேயே உடைந்தால் கூரியர் வண்டியில் கட்டாயம் உடையும்.

“கையால் வரைவதால் ஒவ்வொரு முகமும் கொஞ்சம் மாறும்” என்ற ஒரு வரியைப் பொருள் பக்கத்தில் எழுதுங்கள். போட்டோவில் இருப்பது போல இல்லை என்று திருப்பி அனுப்புவது குறையும். கேஷ் ஆன் டெலிவரியைத் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது. வாங்காமல் திரும்பி வரும் பார்சலுக்குப் போகும் செலவு, வரும் செலவு இரண்டும் உங்கள் தலையில்தான் விழும்.

வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு அனுப்ப ஏற்றுமதி-இறக்குமதி குறியீட்டு எண் வேண்டும். கட்டணம் 500 ரூபாய். தபால் துறையின் ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ மையங்கள் ஏற்றுமதி ஆவண வேலைக்கு உதவும். அமெரிக்காவுக்கு என்றால் ஒரு எச்சரிக்கை: 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த சுங்க வரி விலக்கு 2025 ஆகஸ்ட் 29ல் முடிந்துவிட்டது. இதை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

300 ஆர்டர் வந்தால்?

ஒரு ரீல் ஓடிவிட்டால் ஒரே ராத்திரியில் ஆர்டர் குவியும். ஆனால் களிமண் காய வெயில் வேண்டும், கண் வரைய நேரம் வேண்டும். வாரத்துக்கு 30 பொம்மைதான் முடியும் என்றால் கேட்டலாக்கிலும் 30 மட்டும் காட்டுங்கள். மீதியை முன்பதிவாக வாங்குங்கள். நவராத்திரி ஆர்டரை ஆடியிலேயே திறந்துவிட்டால் கடைசி வார ஓட்டம் இருக்காது. டெல்டாவில் ஐப்பசி மழை தொடங்கும் முன் வேலையும் முடியும்.

மோசடியும் சேர்ந்தே வரும். “மொத்தமா 50 பொம்மை வேணும், அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க” என்று போன் வரும். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் போகும். இதை எழுதிக் கடைச் சுவரில் ஒட்டுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930ஐ அழையுங்கள்.

முதல் மூன்று மாதத்துக்கு ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு ஆர்டருக்கும் விற்ற விலை, தளம் பிடித்தது, பேக்கிங், தபால், உடைசல் என்று எழுதுங்கள். கடைசிக் கட்டத்தில், செய்தவருக்கு மிஞ்சிய கூலி. அந்தக் கட்டத்தில் வரும் எண் கடைத்தெருவில் கிடைப்பதை விடக் குறைவாக இருந்தால், அந்தத் தளத்தில் விலையை ஏற்றுங்கள். ஏற்றினால் விற்கவில்லை என்றால் அங்கிருந்து அந்தப் பொருளை எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வாரத்துக்கு முழுக் கூலியோடு பத்து பொம்மை போனால், அதுவும் ஆன்லைன் கடைதான்.