ஜன்னலுக்குத் தனிக்குடித்தனம்!

ஆபீஸில் இரண்டாவது மானிட்டர் கிடைப்பது லேசுப்பட்ட சமாசாரம் இல்லை. மெயில் போடணும், மானேஜர் மனசு இரங்கணும், ஐ.டி. ஆசாமி கேபிள் தேடணும். கடைசியில் அது மேஜைக்கு வந்து இறங்குகிற தினத்தில் பக்கத்து சீட்காரர் ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள்... நீங்கள் புது பைக் வாங்கினபோதுகூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்!

சரி, வந்தாச்சு. ஒரு வாரம் கழித்து அதே மேஜைக்குப் போய்ப் பாருங்கள். இடது திரையில் பதினேழு டேப் திறந்த பிரௌஸர். வலது திரையில் ஒரு மலை, ஒரு ஏரி, நாலு ஐகான். நம் நண்பரோ இடது திரைக்குள்ளேயே டேப் விட்டு டேப் தாவிக்கொண்டு இருப்பார். ஏன் ஸார் என்றால், ‘பழகிடுச்சு’ என்பார்.

இந்தப் பழக்கத்தை நமக்குக் கற்றுக்கொடுத்ததே சாஃப்ட்வேர்தான். ஒரு ஜன்னல் எங்கே இருக்கணும் என்பதை நீங்கள் முடிவு செய்வதா, புரோகிராம் முடிவு செய்வதா? ரொம்ப வருஷமாக நடக்கிற சண்டை இது.

ஜன்னல்கள் மூன்று விதமாகக் குடித்தனம் நடத்துகின்றன.

முதலாவது கூட்டுக்குடும்பம். ஒரு பெரிய ஜன்னல். அதற்குள்ளேயே எல்லா ஃபைலும். பிள்ளைகள் உள்ளே எப்படி வேண்டுமானாலும் உட்காரலாம், வாசல்படி தாண்டக் கூடாது. எம்.டி.ஐ. என்று இதற்குப் பெயர். இரண்டாவது தனிக்குடித்தனம். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஜன்னல், எஸ்.டி.ஐ. மூன்றாவதுதான் டேப். அசல் ஒண்டுக்குடித்தனம்! உள்ளே இருபது குடும்பம் இருந்தாலும் வாசலில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் நிற்க முடியும்.

ஒரே திரை இருந்தவரை இதில் எது இருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாவது திரை வந்ததும்தான் குடும்பத்தில் குழப்பம். ஆப்பிளின் மேக்கின்டாஷ் II, 1987-லேயே பல மானிட்டர்களுக்கு இடம் கொடுத்தது. நம் ஊர் ஆபீஸ்களில் புழங்கிய விண்டோஸ் வரிசையில் 98-ல் அந்த வசதி வந்தது. ஒன்பது மானிட்டர் வரை மாட்டலாம் என்றார்கள். (ஒன்பதுக்கும் கரண்ட் பில் யார் கட்டுவது என்று சொல்லவில்லை.)

அதாவது மனை தயார். ஆனால், குடிபோக வேண்டியவர்கள் கிளம்பவில்லை! வேர்டு மட்டும் 2000-ம் வருஷப் பதிப்பிலேயே தனிக்குடித்தனம் போனது. நாம் நாள் பூரா கட்டி அழுகிற எக்ஸெல்? ம்ஹூம். எக்ஸெல் 2010 வரைக்கும் கூட்டுக்குடும்பம்தான்.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் பார்ப்பது என்றாலே இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் அடிப்பது என்று தெரிந்தவன். நம் புத்தகம் ஒரு பக்கம், பாங்க் ஸ்டேட்மென்ட் மறு பக்கம். இதற்குத்தானே இரண்டு திரை? எக்ஸெல் விடாது. அந்த நாளில் இதற்கு இரண்டு குறுக்கு வழிகள் இருந்தன.

ஒன்று, எக்ஸெல் ஜன்னலையே பிடித்து இரண்டு திரைக்கும் இழுப்பது. ஒரே போர்வையை இரண்டு பேர் இழுத்துப் போர்த்திக்கொள்கிற மாதிரி. மெனு இடது கோடியில், மூடுகிற பட்டன் வலது கோடியில்! இன்னொன்று, எக்ஸெல்லையே இரண்டு தடவை தனித்தனியாகத் திறப்பது. இதில் ஒரு வில்லங்கம். ஒன்றிலிருந்து காப்பி செய்து மற்றதில் ஒட்டினால் எண் வரும், ஃபார்முலா வராது. இரண்டும் ஒன்றையொன்று தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

எக்ஸெல் 2013-ல்தான் விடிவு. ஒவ்வொரு ஃபைலுக்கும் சொந்த ஜன்னல். இப்போது ஜி.எஸ்.டி.யில் 2பி ஸ்டேட்மென்ட்டை இடது திரையிலும், நம் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரை வலது திரையிலும் வைத்து நிம்மதியாகச் சரிபார்க்கிறோம் என்றால் அந்தப் புண்ணியம்தான். ஒரு பில்லைக் கோட்டை விட்டால் இன்புட் கிரெடிட் தொங்கும். முதலாளி முகமும் தொங்கும்.

அப்பாடா என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். வாசல்தான் தனி. அடுப்பு இன்னும் ஒன்றுதான்!

சாதாரணமாகத் திறக்கிற எக்ஸெல் ஃபைல்கள் எல்லாம் உள்ளே ஒரே புரோகிராம். ‘அன்டூ’ கணக்கும் பொது. வலது திரையைப் பார்த்துக்கொண்டே கண்ட்ரோல்-இஸட்டை நாலு தட்டு தட்டினால், சற்று முன் இடது ஃபைலில் நீங்கள் செய்த திருத்தமும் சேர்ந்து அவிழ்ந்துவிடும். இடது ஃபைலில் ஒரு டயலாக் பாக்ஸ் பதில் கேட்டு நின்றால், வலது ஃபைலும் அசையாது. ‘ஹாங் ஆயிடுச்சு’ என்று நாம் ரீஸ்டார்ட் செய்யக் கிளம்புவோம்.

இதைவிட ஆபத்து ஒன்று உண்டு. முதலில் திறந்த ஃபைல் ‘மானுவல் கால்குலேஷன்’ முறையில் இருந்தால், பின்னால் திறக்கிற ஃபைல்களும் அந்த முறைக்கே போய்விடும். நீங்கள் எண்ணை மாற்றுவீர்கள், கூட்டல் மாறாது. பழைய டோட்டல் பளிச்சென்று நிற்கும். அதை நம்பி ரிட்டர்ன் போட்டால் கதி? டோட்டல் மேல் சந்தேகம் வந்தால் எஃப்-9 தட்டிப் பாருங்கள். நிஜமாகவே தனி அடுப்பு வேண்டும் என்றால், ஆல்ட் கீயை அழுத்திப் பிடித்தபடி எக்ஸெல்லைத் திறந்தால், புதிதாக இன்னொன்று வேண்டுமா என்று கேட்கும். ஆமாம் என்றால் வேறு எக்ஸெல். ஃபார்முலா ஒட்டாத பழைய ஊடல் மட்டும் திரும்பி வரும்.

இன்னொரு சௌகரியம் நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஒரே ஃபைலின் இரண்டு ஷீட்களை இரண்டு திரையில் பார்க்கணுமா? ‘வியூ’ மெனுவில் ‘நியூ விண்டோ’. அதே ஃபைல் இன்னொரு ஜன்னலில் திறக்கும். ஒன்றில் மாற்றினால் மற்றதிலும் மாறும்.

இனி ஒண்டுக்குடித்தனத்துக்கு வருவோம். ஃபயர்ஃபாக்ஸ் 2004-ல் டேப்களோடு வந்து பெயர் வாங்க, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2006-ல் பின்தொடர்ந்தது. 2008-ல் வந்த க்ரோமில் டேப்பைப் பிடித்து வெளியே இழுத்தால் தனி ஜன்னல் ஆகிவிடும். அந்த டேப்பை அடுத்த திரையில் கொண்டு போட்டால் தீர்ந்தது விஷயம். பதினேழு டேப் நண்பர் இதைச் செய்தாலே அந்த ஏரியும் மலையும் ஓய்வு பெறும்! கோடு எழுதுகிற பிள்ளைகள் கொண்டாடும் வி.எஸ். கோடில்கூட, ஒரு ஃபைலை இப்படித் தனியே இழுத்து வெளியே வைக்கும் வசதி 2023-ல்தான் வந்தது.

மீட்டிங்கில் திரையைப் பகிரும்போது இந்தக் குடித்தன விவகாரம் மானப் பிரச்னை ஆகிவிடும். முழுத் திரையைக் காட்டினால் வாட்ஸ்-அப்பில் மச்சான் அனுப்பியது உள்பட எல்லாம் ஊர்வலம் போகும். பிரௌஸர் ஜன்னலை மட்டும் காட்டினாலும், மேலே வரிசையாக டேப் தலைப்புகள் தெரியுமே! வேறு கம்பெனியில் வேலை தேடுகிற பக்கம் அதில் ஒன்றாக இருந்தால், மானேஜர் தேடி உதவி செய்துவிடுவார். காட்ட வேண்டியதை முதலில் தனி ஜன்னலாக இழுத்துவிட்டு, அதை மட்டும் பகிருங்கள்.

கடைசியாக, காணாமல் போன ஜன்னல். லாப்டாப்பை மானிட்டரிலிருந்து கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போகிறீர்கள். புரோகிராம் ஓடுகிறது, கீழே பட்டையில் ஐகான் இருக்கிறது, ஜன்னலைக் காணோம்! காரணம் விலாசம். பிரதான திரையின் இடது மேல்மூலைதான் பூஜ்யம். அதற்கு இடது பக்கம் இருக்கிற திரையின் விலாசம் மைனஸில் ஆரம்பிக்கும். சில புரோகிராம்கள் அந்தப் பழைய மைனஸ் விலாசத்தையே ஞாபகம் வைத்து, இல்லாத வீட்டில் போய் உட்கார்ந்துவிடும். 2021-ல் வந்த விண்டோஸ் 11, மானிட்டரை மறுபடி மாட்டும்போது ஜன்னல்களைப் பழைய இடத்திலேயே வைக்கப் பார்க்கிறது. வீட்டில் மாட்டிக்கொண்டால் கை வைத்தியம் இது: ஆல்ட்-டேப்பால் அந்த ஜன்னலைத் தேர்ந்தெடுத்து, ஆல்ட்-ஸ்பேஸ், எம், ஏதாவது ஒரு அம்புக்குறி கீ. பிறகு மௌஸை நகர்த்தினால் ஜன்னல் கையோடு வந்துவிடும். இரண்டு திரையும் மாட்டியிருக்கும்போது விண்டோஸ்-ஷிஃப்ட்-அம்புக்குறி போதும். ஜன்னல் ஒரு திரையிலிருந்து அடுத்ததற்குத் தாவும்.

இத்தனைக்கும் சேர்த்து ஒரே சூத்திரம்தான். ஒப்பிட வேண்டியதற்குத் தனி ஜன்னல்; அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு டேப்.

இதைப் பழகிய பிறகும் இடம் போதவில்லை என்றால் மூன்றாவது மானிட்டருக்கு மெயில் போடுங்கள். மானேஜர் தருவார். கழுத்துதான் ஒன்றுக்கு மேல் சாங்ஷன் ஆகாது!