ஓய்வு நாளுக்கும் வேலை உண்டு

நிதி திரட்டவும் விழிப்புணர்வு ஊட்டவும் நாள்கணக்கில் சைக்கிள் மிதிப்பவர்களின் பயணத் திட்டத்தில் முதலில் அடிபடுவது ஓய்வு நாள்தான். காவிரிப் படுகையில் அது இன்னும் சுலபமாக அடிபடும். ஏற மலையா இருக்கிறது, தஞ்சாவூரிலிருந்து கடல் வரை தட்டைச் சாலைதானே என்பார்கள். ஆனால் உடலுக்கு இடைவெளியே தராதது தட்டைச் சாலைதான். மலைப்பாதையில் ஏற்றம் முடிந்தால் இறக்கம் வரும். பெடலை நிறுத்தலாம், சீட்டைவிட்டு எழலாம், கையை உதறலாம். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே அப்படியோர் இறக்கம் கிடையாது. மணிக்கணக்கில் ஒரே இருப்பு, ஒரே பிடி. உள்ளங்கையின் ஓரமாக ஓடும் நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்தி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். தொடை இடுக்கில் தோல் உரசிப் புண்ணாகும். புழுக்கம் வேறு. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்லும். ஈரக்காற்றில் அது ஆவியாகாமல் சொட்டி வீணாகிறது.

இவையெல்லாம் வெளியே தெரிபவை. தெரியாத கணக்கு தசைக்குள் நடக்கிறது. நாம் சாப்பிடும் சோறு கிளைக்கோஜனாகத் தசையில் சேர்கிறது. மிதிக்கும் கால் நாள் முழுக்க இந்தக் குதிரிலிருந்து அள்ளுகிறது. சுவீடனைச் சேர்ந்த பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் இருவரும் 1966இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஒரே உடற்பயிற்சி சைக்கிளின் இரு பக்கமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் சோர்ந்துபோகும்வரை மிதித்தார்கள். மற்றக் கால் சும்மா இருந்தது. பிறகு மாவுச்சத்து மிகுந்த உணவோடு ஓய்வு. மூன்று நாளில், மிதித்துக் காலியான காலில் கிளைக்கோஜன் மற்றக் காலில் இருந்ததைப்போல ஏறத்தாழ இரு மடங்கு ஆகிவிட்டது. உழைத்த தசை, ஓய்வு கிடைத்தால் முன்னைவிட அதிகமாகவே சேர்த்துக்கொள்கிறது. கிடைக்காவிட்டால்? 1971இல் டேவிட் காஸ்டில் குழுவினர், தொடர்ந்து மூன்று நாள் தினமும் 16 கிலோமீட்டர் ஓடியவர்களைச் சோதித்தபோது, கிளைக்கோஜன் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனது. நன்றாகச் சாப்பிட்டாலும் முழுக்க நிரம்ப ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கிறது. மாலையில் இறங்கி விடியலில் மறுபடி ஏறுகிறவருக்கு அந்த ஒரு நாள் எங்கே இருக்கிறது?

இன்னும் இரண்டு கரண்டி சோறு போட்டுக்கொண்டால் தீர்ந்தது என்று சிலர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. மாவுச்சத்தைக் கூட்டினால் அந்தச் சரிவு மட்டுப்படுகிறது. ஆனால் வெயிலில் நாள் முழுக்க மிதித்தவருக்குப் பசி மந்தமாகிவிடும்; தோலையும் நரம்பையும் சோறு ஆற்றாது. சுமார் 4,800 கிலோமீட்டர் நீளும் ‘ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா’ சைக்கிள் பந்தயத்தில் ஓய்வு நாளே இல்லையே என்பது அடுத்த கேள்வி. உண்மைதான். அங்கே கழுத்துத் தசை தளர்ந்து தலை தொங்கிப்போவதற்கு ‘ஷெர்மர் கழுத்து’ என்று தனிப்பெயரே நிலைத்துவிட்டது. பின்னால் உதவி வண்டியும் வருகிறது. நல்ல காரியத்துக்காகக் கிளம்பிய ஆசிரியரும் வங்கி ஊழியரும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். டூர் டி பிரான்ஸின் 21 கட்டங்களுக்கு நடுவே கிடைக்கும் இரண்டு ஓய்வு நாள்களிலும் வீரர்கள் சைக்கிள் எடுக்கிறார்களே என்றால், எடுக்கிறார்கள். மெதுவாக, ஓரிரு மணி நேரம். ஓய்வு என்றால் கட்டிலோடு கிடப்பது அல்ல. கும்பகோணத்தில் தங்கினால் காலையில் தாராசுரம் வரை நிதானமாகப் போய்வரலாம்.

நெடும்பயண ஓய்வு நமக்குப் புதிதல்ல. 1930இல் தண்டி யாத்திரையின்போது காந்தி திங்கட்கிழமைகளில் நடக்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து 13ஆம் தேதி கிளம்பிய உப்புச் சத்தியாகிரகிகள், சுமார் 240 கிலோமீட்டரைக் கடந்து வேதாரண்யத்தை அடைந்தது 28ஆம் தேதி. சித்திரை வெயிலில் நாளுக்குப் பதினாறு கிலோமீட்டர் போலத்தான் சராசரி. இன்றைய பயணங்களில் ஓய்வு நாள் தப்பினாலும் அதைப் பொன்னாடையும் பள்ளிக்கூடச் சொற்பொழிவும் நினைவுப்பரிசும் தின்றுவிடுகின்றன. நின்றுகொண்டே கழியும் பகல் ஓய்வு ஆகாது. நான்கைந்து நாளுக்கு ஒரு முழு நாள் விடுங்கள். வரவேற்புக் குழுவினர் கூட்டத்தை முந்தின நாள் மாலையே சுருக்கமாக முடித்துவிட்டு, மறுநாள் மிதித்து வந்தவர்களைத் தூங்க விடட்டும்.