வேலிப் பொட்டும் விபிஎன்னும்

யாழ்ப்பாணத்துக் கரவெட்டியின் பழைய வளவுகளுக்கு நடுவே வேலி இருக்கும். வேலியில் ஒரு பொட்டும் இருக்கும். ஒழுங்கையால் சுற்றிப் படலைக்கு வராமல் அடுத்த வீட்டுக்காரர் நேரே நுழைகிற வழி அது. கோப்புப் பகிர்வுக்கு விபிஎன் தேடுகிறவர்கள் 'போர்ட் ஃபோர்வேடிங் இருக்கிறதா?' என்று கேட்பதும் இந்தப் பொட்டைப் பற்றித்தான்.

கோயில் திருவிழாவில் ஆடிய கூத்தை ஒருவர் முழு இரவும் ஒளிப்பதிவு செய்து வைத்திருக்கிறார் என்று கொள்ளுங்கள். தமிழ் நாடகத்தை ஆய்ந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி பிறந்த இந்த ஊரில் இப்படி ஒருவர் இருப்பது புதுமையல்ல. கோப்பு 40 ஜிபி. ரொறன்ரோவில் இருந்தும் லண்டனில் இருந்தும் பத்துப் பதினைந்து பேர் கேட்கிறார்கள். வாட்ஸ்அப் ஒரு கோப்புக்கு 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. ஆளுக்கு ஒரு தடவை அனுப்பினால் இணைப்பு நாட்கணக்கில் மூச்சுவாங்கும்.

இதற்கென்றே 2001இல் பிராம் கோஹன் பிட்ரொறன்ட் முறையை எழுதினார். கோப்பு சிறு துண்டுகளாகப் போகும். துண்டு கிடைத்தவர் கிடைக்காதவருக்குக் கொடுப்பார். கரவெட்டியில் இருந்து ஏறத்தாழ ஒரு பிரதி வெளியே போனால் போதும், மிச்சத்தை ரொறன்ரோவும் லண்டனும் தமக்குள் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த முதல் பிரதியை எடுக்க வெளியில் உள்ளவர் இந்த வீட்டுக் கணினியைத் தட்டிக் கூப்பிட முடியவேண்டும். சிக்கல் அங்கேதான்.

பழைய முறை இணைய முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி. ஆசிய பசிபிக் பகுதியின் பங்கு 2011 ஏப்ரலிலேயே அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. ஆகவே பல இணைய நிறுவனங்கள், குறிப்பாக 4ஜி ரவுட்டர் தருகிறவை, நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. நெல்லியடிச் சந்திக் கடையொன்றின் முகவரியை ஊர் முழுவதும் பாவிப்பது போல. நீங்கள் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தால் கடைக்காரருக்கு ஆளைத் தெரியும். முன்பின் தெரியாதவர் எழுதினால் யாருக்கென்று தெரியாது, கடிதம் அங்கேயே நின்றுவிடும்.

உங்கள் வீட்டு நிலையை அறிய ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளிப்புற முகவரியைப் பாருங்கள். அது 100.64இல் இருந்து 100.127 வரைக்குள் தொடங்கினால் சந்திக்கடை ஏற்பாடுதான். அந்த எண்களை 2012இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். அந்த வீச்சில் இல்லாவிட்டாலும், இணையத்தில் தெரிகிற உங்கள் முகவரியோடு அது ஒத்துப்போகாவிட்டால் நிலைமை அதேதான். ரவுட்டரில் போர்ட் திறந்து பயனில்லை. உங்கள் வேலியில் பொட்டு வெட்டலாம், அதற்கப்பால் நிறுவனத்தின் மதில் நிற்கிறது.

விபிஎன் இந்த மதிலுக்கு அடியால் ஒரு குழாய் போடுகிறது. கணினி உள்ளிருந்து வெளியே அழைப்பதால் மதில் தடுக்காது. குழாயின் மறுமுனை நெதர்லாந்திலோ சிங்கப்பூரிலோ பொது முகவரியோடு இருக்கிறது. ஒரு முகவரிக்கு 65,535 வாசல் எண்கள் (போர்ட்) உண்டு. அவற்றில் ஒன்றை உங்களுக்கு ஒதுக்கி, அதைத் தட்டுகிறவரைக் குழாய் வழியாக உங்களிடம் அனுப்புவதே போர்ட் ஃபோர்வேடிங்.

இலங்கையர் பலர் விபிஎன்னை அறிந்தது தடைக்காலங்களில். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் சமூக வலைத்தளங்களை முடக்கினார்கள். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி மறுபடி முடக்கியபோது, அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே தாமும் விபிஎன் பாவிப்பதாக ட்விட்டரில் எழுதினார். அன்று தேவைப்பட்டது வெளியே போகும் வழி. அதற்கு எந்த விபிஎன்னும் ஆகும். உள்ளே வரும் வழியை எல்லாரும் தருவதில்லை, இலவசமாகத் தருவது மிக அரிது.

தந்தவர்களும் நிறுத்தியிருக்கிறார்கள். சுவீடனின் முல்வாட் நல்ல பெயர் எடுத்த நிறுவனம். 2023 மே 29இல் அறிவித்து ஜூலை 1இல் இந்த வசதியை மூடியது. சிலர் வாசலுக்குப் பின்னால் தீய உள்ளடக்கத்தைப் பரிமாற, முகவரிகள் கறுப்புப் பட்டியலில் ஏறின, பொலிஸ் விசாரித்தது, சேர்வர் தருகிறவர்கள் ஒப்பந்தத்தை முறித்தார்கள். சில வாரங்களில் ஐவிபிஎன் என்ற நிறுவனமும் மூடுவதாக அறிவித்தது. இரண்டு வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டச்சொல்லும் தள்ளுபடி விளம்பரங்களை நான் நம்பாததற்கு இது ஒரு காரணம். மாதம் மாதமாகக் கட்டுங்கள். வாங்குமுன் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் வசதி இன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த கேள்வி, வாசல் எண் நிலையானதா என்பது. ஏர்விபிஎன் ஒதுக்கும் எண் மாறாது. புரோட்டன் விபிஎன், கட்டணத் திட்டத்தில் மட்டும், இணையும்போது ஓர் எண் தருகிறது. மறுமுறை இணையும்போது அது மாறலாம். கரன்ட் நின்று வருகிற ஊருக்கு இது சின்ன விஷயமல்ல. ரவுட்டர் மறுபடி எழும்பும், விபிஎன் புதிய எண்ணோடு இணையும், ரொறன்ட் மென்பொருளோ பழைய எண்ணிலேயே காத்திருக்கும். எல்லாம் சரிபோலத் தோன்றும், ஒருவரும் வரமாட்டார்கள். அப்படியான இடத்துக்கு மாறாத எண்தான் என் தெரிவு.

கியூபிட்ரொறன்ட் போன்ற மென்பொருளில் விபிஎன் இடைமுகத்தை மட்டும் தெரிவுசெய்து வையுங்கள். குழாய் அறுந்தால் பகிர்வும் நிற்கும், வீட்டு முகவரி வெளியே தெரியாது. விபிஎன் ஓடும்போது வீட்டு ரவுட்டரில் போர்ட் திறந்து வைக்கத் தேவையில்லை. பிறருடைய படத்தைப் பகிர விபிஎன் உரிமம் ஆகாது என்பதையும், குழாயின் மறுமுனையில் இருக்கும் நிறுவனத்தை நீங்கள் நம்பியே ஆகவேண்டும் என்பதையும் விளம்பரங்கள் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

எல்லாருக்கும் இது வேண்டியதுமில்லை. வெறுமனே தரவிறக்குகிறவருக்குத் திறந்த வாசல் கட்டாயமல்ல, இருபக்கத்தில் ஒரு பக்கம் திறந்திருந்தால் பெரும்பாலும் இணைப்புக் கிடைக்கும். கூத்துக் கோப்பு அண்ணன் ஒருவருக்கு மட்டும் என்றால் இலவசமான சிங்திங் மென்பொருள் போதும். நேரே இணைய முடியாதபோது அது இடைநிலைச் சேர்வர் வழியாக, மெதுவாகவென்றாலும், கொண்டுசேர்க்கும். ஆகவே காசு கட்டுமுன் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து அந்த முகவரியை ஒருமுறை பாருங்கள். அது உங்களுக்கே உரிய பொது முகவரி என்றால், பொட்டை வீட்டு ரவுட்டரிலேயே இலவசமாக வெட்டிக்கொள்ளலாம்.