கடுவன் ஏன் பீய்ச்சுகிறது?

ஐயம்பேட்டையில் எலித் தொல்லைக்காகத் தறிவீட்டில் கடுவன் பூனை வளர்த்தால் வேறொரு வம்பு வரும். வாலைத் தூக்கி நடுக்கி, தறிமரத்தில் பின்பக்கமாகப் பீய்ச்சிவிடும். பட்டுப் பாவில் பட்டால் போச்சு!

குந்தி மூத்திரம் பெய்வது வேறு, இது வேறு. இது எல்லை போடும், பெட்டைக்கும் தூது விடும். அந்த நெடிக்கு மூலம் கந்தகம் அடங்கிய ஃபெலினின் என்ற அமினோ அமிலம். டெஸ்டோஸ்டிரோன் ஏற ஏற அதுவும் ஏறும். காயடித்தால் விதைச்சுரப்பு நின்று நெடி தணியும். பீய்ச்சும் வேகமும் அடங்கும்.

1973இல் கலிபோர்னியாவில் ஹார்ட், பாரெட் வெளியிட்ட ஆய்வில் 78 சதவீதக் கடுவன்கள் சட்டென்று குறைத்தன. 9 சதவீதம் மெல்ல. மற்றவை விடவில்லை. பக்கத்துத் தெருக் கடுவன் ஜன்னலோரம் உலாவினால் காயடித்த கடுவனும்கூடப் பீய்ச்சும். அப்போது ஜன்னலைத்தான் சாத்த வேண்டும்.