உங்களுக்குத் தெரியுமா? தோசைக்கல்லில் ஓடும் முத்துகள்

தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க வீட்டில் தண்ணீர் தெளிக்கும்போது பக்கத்தில் நின்று கவனியுங்கள். கல் அளவாகச் சூடேறியிருந்தால் நீர் பரவி, ‘சுர்’ரென்று நொடியில் வற்றிவிடும். சூடு ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தாலோ, நீர் முத்து முத்தாகத் திரண்டு கல்மேல் ஓடும். சூடு கூடியும் துளி கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கிறது, எவ்வளவு அழகான முரண்!

துளியின் அடிப்பக்கம் கல்லை நெருங்கியதுமே ஆவியாகி, மெத்தைபோல் அதைத் தாங்கிக்கொள்கிறது. மெத்தையின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனால் நீராவி வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் கல்லின் சூடு துளிக்குள் மெதுவாகத்தான் ஏறும்.

பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் நீர் விட்டுப் பார்த்து, 1756-இல் இதை விரிவாக எழுதியவர் ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட். அவர் பெயராலேயே இது ‘லைடன்ஃப்ராஸ்ட் விளைவு’ எனப்படுகிறது. முத்து ஓடினால் தீயைக் குறைத்துவிட்டு மாவை ஊற்றச் சொல்லுங்கள்.