விரைந்துறைந்த அலுமினியக் கலவையும் வெப்பமும்

உருகிய அலுமினிய–மாங்கனீசுக் கலவையைச் சுழலும் தாமிரச் சக்கரத்தின்மீது பாய்ச்சினால், அது வினாடிக்குப் பத்து லட்சம் டிகிரி அளவான வேகத்தில் குளிர்ந்து மெல்லிய நாடாவாக உறைகின்றது. அணுக்கள் வழக்கமான படிகமாக ஒழுங்குற அவகாசமில்லை.

ஒழுங்கான ஐங்கோண ஓடுகளால் மட்டும் தரையை இடைவெளியின்றிப் பரப்ப இயலாது. அதுபோன்றே ஐந்துமடிச் சமச்சீர் படிகங்களில் அமையாதென்பது பழைய விதி. 1982-இல் இத்தகைய நாடாவில் டான் ஷெக்ட்மன் அதனைக் கண்டபோது பலர் நம்பவில்லை. 1985-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ரங்கநாதன், சட்டோபாத்யாய் குழுவினர் பத்துமடிச் சமச்சீருள்ள மற்றொரு வகையையும் கண்டனர்.

இவ்வமைப்பு வெப்பத்தைத் தாங்குமா? ஷெக்ட்மன் கண்ட நாடா 350 டிகிரி சென்டிகிரேடில் ஒரு மணி நேரம் இருந்தும் மாறவில்லை. 400 டிகிரியில் அதே நேரத்தில் சாதாரணப் படிகமாயிற்று. முன்னர் மறுக்கப்பட்ட அவகாசத்தை வெப்பம் அணுக்களுக்கு அளித்துவிட்டது எனலாம். 1987-இல் ஜப்பானில் கண்டறியப்பட்ட அலுமினிய–தாமிர–இரும்புக் கலவையோ, மெதுவாக உறைந்தாலும் இவ்வமைப்பைக் கொள்கின்றது.