அண்டாச் சோறு ஆறும் நேரம்

கல்யாண வீட்டிலோ கோயில் கொடையிலோ சாப்பிட்டவர்கள் வரிசையாக வாந்தி எடுத்தால், பழி முதலில் பாயசத்தின் மேல் விழும். அடுத்தது கோழிக்கறி. வெள்ளைச் சோற்றை யாரும் சந்தேகப்படுவதில்லை. கொதிக்கக் கொதிக்க வெந்ததுதானே என்ற நம்பிக்கை. ஆனால் அண்டா அண்டாவாக வடிக்கும் இடத்தில் சோற்றின் மேலும் ஒரு கண் வேண்டும். அதுவும் வடித்து இறக்கிய பிறகு.

கொதிக்குத் தப்பும் கிருமி

பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா மண்ணில் வாழ்வது. வயலிலிருந்தே நெல்லோடு வந்துவிடும். எத்தனை முறை களைந்தாலும் முழுதாகப் போகாது. உலைக் கொதியில் கிருமி செத்தாலும், தடித்த உறைக்குள் இருக்கும் அதன் வித்துகள் தப்பிவிடும். சோறு இளஞ்சூட்டுக்கு இறங்கியதும் அவை முளைத்துப் பெருகி, சோற்றிலேயே ஒரு நஞ்சைச் சேர்த்துவிடுகின்றன. மறுபடி சுடவைத்தால் கிருமி சாகும், நஞ்சு போகாது. வாடையும் நிறமும் மாறாமலே இருக்கக்கூடும் என்பதால் மோந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லவும் முடியாது.

1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களில் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்ட பலர் இப்படித்தான் வாந்தியில் படுத்தார்கள். முதல்நாள் வடித்த சோற்றை வெளியிலேயே வைத்திருந்து மறுநாள் வறுத்துக் கொடுத்ததுதான் காரணம்.

குவியலுக்குள் என்ன நடக்கிறது

தலைக்கு 100 முதல் 125 கிராம் அரிசி என்று வைத்தால் 200 பேருக்கு 20 முதல் 25 கிலோ. வெந்தால் 50 கிலோவுக்குக் குறையாது. வீட்டுக் குண்டான் சோறு சீக்கிரம் ஆறிவிடும். பாயில் கொட்டி, மேலே துணி போர்த்திய மலையோ மேலாக ஆறி, நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, 5 டிகிரிக்கு மேலே உள்ள சூடுதான் கிருமிக்குக் கொண்டாட்டம். அதிலும் உடல் சூட்டுக்குப் பக்கத்தில் வேகமாகப் பெருகும்.

எனவே மொத்தத்தையும் ஒரே ஈடாக வடிக்காமல் பந்திக்குப் பந்தி வடிப்பது நல்லது. அதற்கு அடுப்பும் ஆளும் கூடுதலாக வேண்டும், சமையல்காரர் முகம் சுளிப்பார். இருந்தாலும் கேட்டு வாங்குங்கள். காத்திருக்கும் சோறு கை வைக்க முடியாத சூட்டில், ஹாட் பாக்ஸில் இருக்கட்டும். எடுத்துவைக்க வேண்டியதை அகலமான தட்டுகளில் இரண்டு அங்குலக் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, 2 மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அடுத்த 4 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறக்க வேண்டும். சாதாரண மண்டபங்களில் இதற்கு வசதி கிடையாது. அங்கே மிஞ்சாமல் அளவாக வடிப்பதே வழி.

பொட்டலச் சாதம்

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை முழுக்கச் சாதப் பொட்டலங்கள் போயின. அந்த மாதிரி நேரத்தில் எந்தச் சாதம் என்பது முக்கியம். புளியோதரை வழிப்பயணத்துக்கு ஏற்றதாக இருப்பதற்குப் புளியின் அமிலமும் ஒரு காரணம். சாம்பார் சாதத்துக்கு அவ்வளவு காவல் இல்லை. தயிர்சாதத்தில் ஒரு சிக்கல் உண்டு. மதியத்துக்குள் புளித்துவிடக் கூடாதென்று பாலை நிறைய விட்டு, தயிரைப் பேருக்குச் சேர்த்துப் பிசைகிறோம். புளிப்பு ஏறும் வரை அதைக் காக்க எதுவுமில்லை. எந்தச் சாதமானாலும் சூடாகக் கட்டி அடுக்கினால் பொட்டலத்துக்குள் வியர்த்து, வெதுவெதுப்பு நீடிக்கும். கட்டுபவர் விரலில் புண்ணோ கொப்புளமோ இருந்தால் அவருக்கு வேறு வேலை கொடுங்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி அதிலிருந்து சோற்றுக்கு இறங்கும். அதன் நஞ்சும் சூட்டுக்கு மசியாது.

அப்படியானால் பழைய சோறு?

அதில் ஆறிய சோற்றில் நல்ல தண்ணீர் ஊற்றுகிறோம். லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து மற்ற கிருமிகளை அடக்குகின்றன. ராத்திரி முழுக்க மூடிக்கிடந்த அண்டாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அதேபோல, மதியம் வடித்து மிஞ்சியதை இரவில் முதியோர் இல்லத்துக்கு ஏற்றி அனுப்புவதைத் தானம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நஞ்சைத் தாங்க முடியாதவர்கள் முதியவர்களும் குழந்தைகளும்தான். கொடுப்பதானால் இறக்கிய 2 மணி நேரத்துக்குள், சூடாகக் கொடுங்கள்.



  

வாந்தி தொடங்கினால்

இந்தச் சோற்று நஞ்சு பெரும்பாலும் சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தியாகத் தெரியும். பலருக்கு ஒரே நாளில் அடங்கிவிடும். ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றால் காத்திருக்க வேண்டாம். சிறுநீர் குறைந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, மயக்கமோ ரத்தமோ தெரிந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பலர் ஒன்றாகப் படுத்தால், மிஞ்சிய சாப்பாட்டை அவசரமாகக் கொட்டிக் கழுவிவிடாதீர்கள். சுகாதாரத் துறையினர் சோதிக்க அது தேவைப்படும்.